தொண்டு நிறுவன வேலை: மூன்று ஆர்டரில் எதை எடுப்பது?

ஜூன் 3, 2025. கேள்வி-பதில் திரியில் ஒரு வாசகரின் கேள்வி; கீழே வருவதெல்லாம் ஓர் அக்காவின் பதில்கள்

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்திருக்கிறேன். மூன்று இடத்தில் வேலை கிடைக்கும் போல இருக்கிறது. ஒன்று, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் சென்னை அலுவலகம். 11 மாத ஒப்பந்தம், மாதம் 36,000. இரண்டாவது, எங்கள் மாவட்டத்திலேயே முப்பது வருடமாக இருக்கும் ஒரு டிரஸ்ட், 17,500. மூன்றாவது, ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பணத்தில், அதாவது சமூகப் பணிக்கென்று கம்பெனி ஒதுக்கும் பணத்தில் நடக்கும் பள்ளித் திட்டம், 24,000. வீட்டில் சென்னைக்குப் போ என்கிறார்கள். எது நல்ல முதலாளி? இந்தத் துறையில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அனுபவம் உள்ள அக்கா, அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

முதலாளி என்ற சொல்லைப் போட்டீர்களே தம்பி, அதற்காகவே பதில் எழுதுகிறேன். இருபது வருடமாக நான்கு அமைப்புகளில் இருந்துவிட்டேன். அந்தச் சொல்லை எங்கும் கேட்டதில்லை. செகரெட்டரி சார் இருப்பார், டைரக்டர் மேடம் இருப்பார், ஃபாதர் இருப்பார், அய்யா இருப்பார், பெரியக்கா இருப்பார். முதலாளி மட்டும் இருக்க மாட்டார். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார்கள். குடும்பத்தில் பி.எஃப். பற்றி யார் கேட்பது?

சம்பளத்தை மட்டும் வைத்து மூன்றையும் எடை போடாதீர்கள். மூன்று இடத்திலும் இதைக் கேளுங்கள்: என் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வருகிறது, அந்தப் பணம் எந்த மாதம் முடிகிறது, முடிந்த மறுமாதம் என்னை என்ன செய்வீர்கள்? பதில் சொல்கிறார்களா, மழுப்புகிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இப்போதைக்கு என் சாய்வு உங்கள் மாவட்ட டிரஸ்ட் பக்கம். காரணத்தை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4

நான் 2005 பிப்ரவரியில் நாகப்பட்டினத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சுனாமி வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கமெல்லாம் வீடு இருந்த இடத்தில் அடித்தளம்தான் இருந்தது. நாகை டவுனில் ஒரு மாடி காலியாக இருக்காது, எல்லாம் என்ஜிஓ அலுவலகம். யார் எந்த ஊரில் என்ன செய்கிறார்கள் என்பதே குழம்பிப்போய், மீனவர் மத்தியில் வேலை செய்த சினேகா, சிஃப்ஸ் போன்ற அமைப்புகள் முன்னின்று அதற்கென்றே ஓர் ஒருங்கிணைப்பு மையம் நடத்தின.

நான் சேர்ந்தது ஒரு சின்ன உள்ளூர் அமைப்பில். மாதம் 3,500. நான்கே மாதத்தில் ஒரு பெரிய நிறுவனம் 11,000 தருகிறோம் என்றது. போய்விட்டேன். ஒன்பது பேரில் ஆறு பேர் அப்படிப் போனோம். மீனவப் பெண்களிடம் வருடக்கணக்காகச் சங்கம் கட்டிய அமைப்பு அது. வேலை உச்சத்தில் இருந்த நேரத்தில் ஆள் இல்லாமல் நின்றது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு உறுத்துகிறது.

பெரிய நிறுவனத்தில் நல்ல சம்பளம், ஜீப், மழைக்கோட்டு, பயிற்சிக்குப் பாண்டிச்சேரி ஓட்டல், எல்லாம் உண்டு. நான் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதக் கற்றதும் அங்கேதான். அந்தக் கடனை மறுக்க மாட்டேன். 2008 மார்ச்சோடு திட்டம் முடிகிறது என்று மூன்று வாரத்துக்கு முன்னால் சொன்னார்கள். நாற்பது பேர். கேக் வெட்டினோம், ஷீல்டு கொடுத்தார்கள், குரூப் போட்டோ எடுத்தோம். சர்வீஸ் சர்ட்டிபிகேட் தலைமை அலுவலகத்திலிருந்து வரும் என்றார்கள். ஐந்து மாதம் கழித்து வந்தது. அதில் என் பெயரில் எழுத்துப்பிழை.

மூன்று வருடத் திட்டம் என்று முதல் நாளே அவர்களுக்குத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது. அதைத்தான் தம்பி, கேட்டுக்கொண்டு சேருங்கள் என்கிறேன்.

ஜூன் 4, மாலை

பி.எஃப். உண்டா என்று கேட்டால் எல்லோரும் "உண்டு, உண்டு" என்பார்கள். அங்கே வேலை செய்யும் ஒருவரைத் தனியாகப் பிடித்து, இந்த மாதம் பி.எஃப். கட்டியதாக மெசேஜ் வந்ததா என்று கேளுங்கள். அதுதான் பதில்.

இருபது பேர் இருந்தால்தான் பி.எஃப். கட்டாயம் என்பதால் சிலர் ஒரு வேலை செய்வார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பெயர்ப்பலகை இருக்கும். ஒன்று டிரஸ்ட், ஒன்று சொசைட்டி, ஒன்று பெண்கள் கூட்டமைப்பு. ஒவ்வொன்றிலும் பதினாறு, பதினேழு பேர். கணக்காளர் ஒருவர்தான், செகரெட்டரியும் ஒருவர்தான். இன்டர்வியூவுக்குப் போகும்போது வாசலில் நின்று பலகைகளை எண்ணிவிட்டு உள்ளே போங்கள்.

ஜூன் 6

"சேவைக்கு வந்துவிட்டுச் சம்பளக் கணக்குப் பார்க்கலாமா" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பார்க்கலாம் அண்ணா. பார்க்கத்தான் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, அனிமேட்டர், அதாவது ஊர்களில் குழு அமைக்கும் களப்பணியாளர். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போய் அறுபதுக்கு மேல் சுய உதவிக்குழு அமைத்தவர். பேங்க் மேனேஜர் எழுந்து நின்று பேசும் அளவுக்கு மரியாதை. அவருக்குச் சம்பளம் என்று ஒருநாளும் எழுதவில்லை, "மதிப்பூதியம்" என்றுதான் எழுதினார்கள். மதிப்பூதியத்துக்கு பி.எஃப். கிடையாது, பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடையாது, மருத்துவ விடுப்பு கிடையாது. இப்போது அறுபது வயதாகிறது, நூறு நாள் வேலைக்குப் போகிறார். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்த கடனில் மாடு வாங்கியவர்கள் இன்று நன்றாக இருக்கிறார்கள், அதில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் வெறுங்கை முழம் போடுமா?

கிராமத்தில் போய்க் குறைந்தபட்சக் கூலி கேட்கச் சொல்லிக் கொடுத்த அமைப்புதான் அது. தன் வீட்டுக்குள் அதைச் செய்யவில்லை. இது எனக்கு ஆறவே ஆறாது.

ஜூன் 9

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

2008 முதல் 2013 வரை ஒரு டவுன் டிரஸ்டில் இருந்தேன். மாதம் ஐந்தாம் தேதி சம்பளம். கணக்காளர் மேசை மேல் சம்பளப் பட்டியல் விரிந்திருக்கும். அடுத்தவர் தொகை தெரியாமல் இருக்க, நம் பெயருக்கு மேலும் கீழும் இரண்டு ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பார். என் பெயருக்கு நேரே 9,000. ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்து. கையெழுத்து காய்வதற்குள் எண்ணிக் கொடுப்பார்: 6,500. மீதி 2,500க்கு இன்னொரு புத்தகத்திலிருந்து ரசீது கிழிப்பார். "நன்கொடையாகப் பெற்றுக்கொண்டோம், நன்றி" என்று அச்சடித்திருக்கும். என் பெயரைப் போட்டு அவரே நிரப்பி வைத்திருப்பார். முதல் மாதம் நான் ரசீதைப் பார்த்தபடி நின்றேன். "இங்கே எல்லாருக்கும் அப்படித்தாம்மா" என்றார். அவர் குரலில் அதட்டல் இல்லை. அவருக்கும் அப்படித்தான்.

பிறகு சம்பளம் பேங்கில் போட ஆரம்பித்தார்கள். அப்போது ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். மழை பெய்தாலும் ஆறாம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும்.

ஐந்து வருடம் பொறுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்பீர்கள். கைக்குழந்தை, கணவருக்கு வெளியூரில் வேலை, பக்கத்து ஊரில் வேறு அமைப்பு கிடையாது. இன்னொன்றும் உண்டு: நான் பார்த்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. செங்கல் சூளைக் குழந்தைகளுக்குப் பாலம் வகுப்பு, அதாவது படிப்பு விட்டுப்போன பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார் செய்யும் வகுப்பு. அந்தப் பிள்ளைகளை விட்டு வர மனமில்லை. பலரை இந்த இடத்தில்தான் கட்டிப்போடுகிறார்கள்.

ஜூன் 10

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். கோபத்தில் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன். மற்ற பாதியையும் சொல்ல வேண்டும்.

2013இல் என் பழைய உள்ளூர் அமைப்புக்கே திரும்பிப் போனேன். விட்டுவிட்டு ஓடியவளை அந்தச் செகரெட்டரி அக்கா ஒரு வார்த்தை சொல்லாமல் சேர்த்துக்கொண்டார். அங்கே கணக்கும் பார்த்தேன். அப்போதுதான் மேசையின் அந்தப் பக்கம் தெரிந்தது. நிதி தருபவர்கள் பள்ளிப் பைக்குக் கொடுப்பார்கள், பயிற்சிக்குக் கொடுப்பார்கள், கள அலுவலர் சம்பளத்துக்கும் கொடுப்பார்கள். கட்டட வாடகை, கரண்ட் பில், தணிக்கையாளர் கட்டணம், ஒரு திட்டம் முடிந்து அடுத்தது வரும்வரை உள்ள நான்கைந்து மாதம், இதற்கெல்லாம் தர மாட்டார்கள். அந்தப் பள்ளத்தை ஏதாவது போட்டு நிரப்ப வேண்டும். டவுன் டிரஸ்ட் எங்கள் 2,500ஐப் போட்டு நிரப்பியது.

அது தெரிந்த பிறகும் அதை நியாயம் என்று சொல்ல மாட்டேன். எங்களைக் கூப்பிட்டுப் பள்ளத்தைக் காட்டிக் கேட்டிருந்தால் பாதிப் பேராவது கொடுத்திருப்போம். நிதி தருபவருக்கு ஒரு கணக்கு, எங்களுக்கு ஒரு கணக்கு என்று ஸ்கேலை வைத்து மறைத்தார்களே, அங்கேதான் தப்பு.

2020 செப்டம்பரில் எஃப்சிஆர்ஏ சட்டத்தை, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான சட்டத்தைத் திருத்திய பிறகு இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகிவிட்டது. வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்ததை 20 சதவீதம் ஆக்கினார்கள். பள்ளி ஆசிரியர், மருத்துவமனை டாக்டர் சம்பளமெல்லாம் அதில் சேராது. கணக்காளர், மேலாளர், அலுவலக உதவியாளர் சேருவார்கள். எனவே அலுவலக வேலைக்கு உங்களை எடுக்கிறார்கள் என்றால், உங்கள் நாற்காலி அந்த 20 சதவீதத்துக்குள் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ஜூன் 11

திருத்தம். "எஃப்சிஆர்ஏ இணையதளத்தில் எல்லா நிறுவனக் கணக்கும் கிடக்கிறது, பார்த்துவிட்டுச் சேருங்கள்" என்று வேறொருவருக்குச் சொல்லியிருந்தேன். ஒரு தணிக்கையாளர் நண்பர் திருத்தினார். 2022 ஜூலையில் உள்துறை அமைச்சகம் அந்தத் தளத்திலிருந்து ஆண்டுக் கணக்குகளை எடுத்துவிட்டது. இப்போது நிறுவனத்திடமே ஆண்டறிக்கையும் தணிக்கைக் கணக்கும் கேட்க வேண்டும். இன்டர்வியூவில் கேட்கக் கூச்சமாக இருந்தால் அவர்கள் தளத்திலாவது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போட்டிருப்பவர்களுக்கு என்னிடம் ஒரு மதிப்பெண் கூடுதல்.

ஜூன் 14

பெரிய பெயர் என்றால் பத்திரம் என்று சிலர் சொல்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தேன்.

கம்பேஷன் இன்டர்நேஷனல் இந்தியாவில் சுமார் 1,45,000 பிள்ளைகளுக்கு உதவி செய்துகொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப அனுமதி கிடைக்காமல் 2017 மார்ச்சில் கடையைக் கட்டியது. மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இந்தியா 2020 செப்டம்பரில் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டு வேலையை நிறுத்தியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்டு விஷன் இந்தியாவின் எஃப்சிஆர்ஏ பதிவு 2024 ஜனவரியில் ரத்தானது. சட்டப்படி சரியா தப்பா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. நான் பார்ப்பது வேலைக்காரர் பக்கத்திலிருந்து. ஒரே வாசல் வழியாக மட்டும் பணம் வரும் வீட்டில், அந்த வாசலை மூடினால் அடுப்பு அணைந்துவிடும். வீடு எவ்வளவு பெரியது என்பது அப்போது உதவாது.

சொந்த வருமானம் உள்ள அமைப்புகள் வேறு ரகம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கினார். பணம் கட்டுகிறவர் கட்டணத்திலிருந்து கட்ட முடியாதவருக்கும் அறுவைச் சிகிச்சை நடக்கிறது. கிராமத்துப் பெண்களை பிளஸ் டூ முடித்ததும் எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, கண் மருத்துவத்தின் பெரும்பகுதி வேலையை அவர்கள் கையில் கொடுக்கிறார்கள். எந்த நாட்டு நிதியாளர் மனம் மாறினாலும் அடுத்த மாதச் சம்பளம் நிற்காது. பெங்களூரு அஸிம் பிரேம்ஜி அறக்கட்டளை இன்னொரு விதம்: வைத்திருக்கும் சொந்தச் சொத்திலிருந்து செலவு செய்கிறது. நிதி கேட்டுப் புரபோசல் எழுதிக் காத்திருக்கத் தேவையில்லை. எந்த அமைப்பைப் பார்த்தாலும் அதன் பணத்துக்கு எத்தனை வாசல் என்று எண்ணுங்கள்.

ஜூன் 15

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைமாவட்டச் சமூகப்பணி மையங்கள் பற்றிக் கேட்டவருக்கு. சம்பளம் குறைவு, ஆனால் கட்டடம் சொந்தம், ஒரே நாளில் மூட மாட்டார்கள். இயக்குநராக இருக்கும் ஃபாதர் சில வருடத்துக்கு ஒருமுறை மாறுவார். புது ஃபாதர் வந்தால் மையத்தின் திசையே மாறும். நல்லவர் இருக்கும்போது சேர்ந்து, அவர் மாற்றலாகிப் போனதும் திண்டாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆளைப் பார்த்துச் சேராதீர்கள், விதிமுறைப் புத்தகம் இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

குடும்ப டிரஸ்ட் என்றால் கணவர் செகரெட்டரி, மனைவி பொருளாளர், மகன் திட்ட மேலாளர். அங்கே விதிமுறைப் புத்தகம் இருந்தாலும் திறக்க மாட்டார்கள்.

ஜூன் 19

ஓசூர் வேலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று தம்பி நினைவூட்டினார். நான் இப்போது இருப்பதே சிஎஸ்ஆர் பணத்தில் நடக்கும் வேலைதான், 2021 முதல்.

கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். நல்ல சட்டம்தான். பெரும்பாலும் பணம் தொழிற்சாலை இருக்கும் பக்கமே போகும், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், தூத்துக்குடி. ராமநாதபுரத்து உள்கிராமத்துக்கு அவ்வளவு சுலபத்தில் வராது.

வேலை செய்கிறவருக்கு இதில் என்ன? சம்பளம் தேதி தவறாது, ஆர்டர் உண்டு, பி.எஃப். உண்டு. கம்பெனியின் தணிக்கை வரும் என்பதால் ஸ்கேல் வைத்து மறைக்கும் கதையெல்லாம் நடக்காது. ஆனால் எல்லாமே ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஜனவரியிலிருந்து செலவழி செலவழி என்று விரட்டுவார்கள். மார்ச்சில் மூச்சு விட முடியாது. ஏப்ரலில் புது ஒப்புதல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் ஓடும் திட்டம் என்று கம்பெனியின் போர்டு முடிவு செய்திருந்தால் செலவாகாத பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து மூன்று வருடத்துக்குள் செலவழிக்கலாம். எனவே ஓசூரில் கேட்க வேண்டியது: இது ஒரு வருடத் திட்டமா, தொடரும் திட்டமா?

இன்னொரு சங்கடம். நாளில் இரண்டு மணி நேரம் போட்டோ எடுப்பதிலேயே போகும். பெயிண்ட் அடித்த சுவர், கம்பெனி பேர் எழுதிய பலகை, முன்னால் பிள்ளைகள், ஓரத்தில் இடமும் நேரமும் பதிந்திருக்க வேண்டும். போன வருடம் ஒரு பள்ளியில் வெயிலில் பிள்ளைகளை நிறுத்தி நான்காவது முறையாகப் போட்டோ எடுத்தபோது, மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், இன்னைக்குப் பாடம் நடத்துவீங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து போட்டோவைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவிட்டேன். மேலே சொல்லிவிட்டுத்தான் செய்தேன். ஒத்துக்கொண்டார்கள்.

ஜூன் 22

பெண்களுக்காக இதைத் தனியாக எழுதுகிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சுவரில் பெயர்கள் ஒட்டியிருக்கும். வெளி உறுப்பினர் யார் என்று பாருங்கள். செகரெட்டரியின் சொந்தக்காரர் என்றால் குழு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேறுகால விடுப்பு 2017 முதல் 26 வாரம். அது ஒப்பந்த ஆளுக்கும் உண்டு. ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் விடுப்பு கேட்கவே வழியில்லை. ஆறு மாத வயிற்றோடு "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்ற பதிலை வாங்கிய பெண்கள் இரண்டு பேரை எனக்கு நேரில் தெரியும்.

அப்புறம், ஃபீல்டில் கழிப்பறை. காலை எட்டரைக்கு பஸ் ஏறினால் மாலை ஆறு வரை எங்கும் போக முடியாது என்பதால் தண்ணீரே குடிக்காமல் பத்து வருடம் இருந்தேன். சிறுநீரகக் கல்லோடு நின்றது. என் பழைய செகரெட்டரி அக்கா மட்டும்தான், ஒவ்வொரு ஊரிலும் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டைக் குறித்து வைத்துக்கொள், வாரம் ஒருமுறை பிஸ்கட்டாவது வாங்கிப் போ, அதைப் பயணப்படியில் எழுது என்றார். பதினைந்து ரூபாய் பிஸ்கட். வேறெந்த நிறுவனத்தின் கையேட்டிலும் இதை நான் பார்க்கவில்லை.

ஜூன் 23

ஸ்கூட்டர் பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். தேய்மானமும் அதற்குள்தானா என்றும் கேளுங்கள்.

ஜூன் 28

பணிக்கொடை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் 1972 சட்டம் பொருந்தும். தொண்டு நிறுவனம் என்பதால் விலக்கு கிடையாது. ஐந்து வருடம் முடித்திருக்க வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, வருட எண்ணிக்கையால் பெருக்கினால் தொகை. அடிப்படை 12,000, எட்டு வருடம் என்றால் சுமார் 55,400 வரும்.

சரி, இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம் ஆன கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திரி முழுக்கச் சொல்ல நினைத்ததும் அதுதான்.

என் உள்ளூர் அமைப்புக்கு வெளிநாட்டுப் பணம் நேராக வராது. ஒரு பெரிய அமைப்பு வாங்கி எங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 செப்டம்பர் திருத்தம் அந்தப் பிரித்துக் கொடுக்கும் வழியையும் அடைத்துவிட்டது. அக்டோபர் முதல் வாரம், கொரோனா நேரம், அலுவலகத்துக்கு வெளியே புங்க மரத்தடியில் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டு இருபத்திரண்டு பேரையும் அக்கா உட்கார வைத்தார். மடியில் பெரிய பேரேடு. மறைக்க ஒன்றும் வைக்கவில்லை. வரி வரியாக வாசித்தார். கையில் இவ்வளவு இருக்கிறது, வாடகை இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, மார்ச் வரை வரும், ஏப்ரலுக்கு இல்லை. ஆறு மாதம் இருக்கிறது, இன்றைக்கே தேட ஆரம்பியுங்கள், வேலை நேரத்தில் இன்டர்வியூவுக்குப் போகலாம், விடுப்பு எழுத வேண்டாம் என்றார். தன் சம்பளத்தை நவம்பரிலிருந்து நிறுத்திக்கொண்டார். அதை அவர் சொல்லவில்லை. கணக்குப் பார்த்த எனக்குத் தெரிந்தது.

பணிக்கொடைக்காக எல்ஐசி குழுத் திட்டத்தில் வருடா வருடம் கட்டி வைத்திருந்தார். நாங்களே மறந்துபோன பணம். 2021 மார்ச் 31 அன்று ஆளுக்கொரு உறை. உள்ளே பணிக்கொடை விண்ணப்பம், பி.எஃப். எண் எழுதிய தாள், சர்வீஸ் சர்ட்டிபிகேட். சர்ட்டிபிகேட்டில் "திறம்படப் பணியாற்றினார்" என்ற ஒரே வரி இல்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் செய்த வேலையைத் தனித்தனியாக எழுதியிருந்தார். என்னுடையதில், எந்த ஊரில் எந்த வருடம் எத்தனை பெண்களுக்கு மீன் விற்கும் கடன் வாங்கிக் கொடுத்தேன் என்று இருந்தது. 2005இல் வேலை செய்த நான்கு மாதத்தையும் சேர்த்திருந்தார்.

சம்பளம் நான் பார்த்த நான்கு இடத்திலும் அங்கேதான் குறைவு. நல்ல முதலாளி யார் என்று நீங்கள் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பேரேடுதான்.

ஜூலை 2

தம்பி முடிவு செய்துவிட்டார். சென்னை. நேற்று சேர்ந்துவிட்டார். அக்கா கல்யாணக் கடன் நாலரை லட்சம் இருக்கிறதாம், 17,500இல் வட்டி மட்டும்தான் கட்ட முடியும் என்று எழுதியிருக்கிறார்.

வீட்டு நிலைமையைக் கேட்காமலேயே மாவட்ட டிரஸ்ட் என்று சாய்ந்து பேசிவிட்டேன். அது என் தப்பு. 2005இல் 11,000க்கு நான் போனதும் அப்பாவின் படகுக் கடனுக்காகத்தான். அதைக்கூட இந்தத் திரியில் எழுதாமல், உறுத்துகிறது என்று மட்டும் எழுதியிருக்கிறேன். போக வேண்டிய நேரத்தில் போகத்தான் வேண்டும்.

மூன்று இடத்திலும் கேள்வியைக் கேட்டாராம். சென்னையில், "மே 2026 வரை பணம் உறுதி, அதற்குப் பிறகு தெரியாது" என்று நேராகச் சொன்னார்களாம். ஓசூரில் மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றவர்கள் இன்னும் சொல்லவில்லை. மாவட்ட டிரஸ்டில் செகரெட்டரி கம்ப்யூட்டர் திரையையே இவர் பக்கம் திருப்பிக் காட்டினாராம், மூன்று நிதியாளர், மூன்று முடிவுத் தேதி. "கடன் அடைந்ததும் வாங்க" என்றாராம். அந்த நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.

செப்டம்பர் 7

"கன்சல்டன்ட்" என்று ஆர்டர் கொடுத்தால் கவனம். பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பி.எஃப். இருக்காது, விடுப்பு இருக்காது. காலை ஒன்பதரைக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்வது மட்டும் இருக்கும். கன்சல்டன்ட் என்றால் நேரத்துக்கு வரச் சொல்லக் கூடாது, நேரத்துக்கு வரச் சொன்னால் அவர் ஊழியர். இதை ஒரு தங்கை கேட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 1

ஜூன் 28 அன்று எழுதியதில் ஒரு பகுதி பழசாகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன, 1972 பணிக்கொடைச் சட்டத்தின் இடத்தில் இப்போது அவற்றில் ஒன்றுதான். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு இனி ஐந்து வருடம் தேவையில்லை, ஒரு வருடம் முடித்தாலே பணிக்கொடை உண்டு. எல்லா ஊழியருக்கும் நியமன ஆணை கொடுப்பதும் கட்டாயம். ஒப்பந்தத்திலேயே காலம் தள்ளும் நம் துறை ஆட்களுக்கு இது பெரிய விஷயம்.

தம்பி, இப்போது உங்கள் ஆர்டரை எடுத்துப் பாருங்கள். ஜூலை 1 முதல் மே 31 வரை. பதினொரு மாதம். ஒரு வருடத்துக்கு ஒரு மாதம் குறைகிறது. உங்கள் நிறுவனம் நேர்மையாகப் பேசிய நிறுவனம், வேண்டுமென்றே வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பதினொரு மாதம் என்பது இந்தத் துறையில் ரொம்ப நாளாக இருக்கும் பழக்கம். ஆனால் பிப்ரவரியிலேயே எச்.ஆர்.ஐப் பார்த்துப் பேசுங்கள். புதுப்பித்தால் ஜூன் 1 அன்றே தொடங்கும்படி எழுதச் சொல்லுங்கள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி விடச் சம்மதிக்காதீர்கள். புதுப்பிக்கவில்லை என்றால் ஜூன் 30 வரை நீட்டித் தர முடியுமா என்று கடிதமாகக் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள். கடிதத்தை எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.